நிமாய் கோஷ்: கேமராவும் சங்கமும்

1949-இல் பிரான்ஸின் கல்விக் கழகம் ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளைப் படம்பிடித்து வரும்படி ரெனே வோத்தியே என்ற இளைஞரை அனுப்பியது. அவருக்கு வயது 21. சிறுவனாக இருந்தபோதே நாஜி எதிர்ப்புப் படையில் சேர்ந்து பதக்கம் வாங்கியவர். பாரிஸின் திரைப்படக் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். அனுப்பியவர்கள் எதிர்பார்த்தது சாலை, பள்ளிக்கூடம், சிரிக்கும் முகங்கள். அவர் கண்டதோ கட்டாய உழைப்பும், வரி கட்டாததற்காகத் துப்பாக்கிக் குண்டு துளைத்த கிராமத்துச் சுவர்களும். ஆளுநரின் அனுமதி இல்லாமல் காலனிகளில் கேமராவைத் தூக்கக் கூடாது என்ற 1934-ஆம் ஆண்டு ஆணையை மீறியதாக அவர்மேல் வழக்குப் பாய்ந்தது. எடுத்த 50 சுருள்களில் அவரால் காப்பாற்ற முடிந்தவை 17. அவற்றை வைத்துக் கோத்த சின்னஞ்சிறு படம்தான் ‘ஆப்பிரிக்கா 50’. எடுத்தவர் சிறைக்குப் போனார். படம் நாற்பதாண்டுகளுக்கு மேல் தடையில் கிடந்தது.

அந்தப் படம் வந்த 1950-இல் கல்கத்தாவில் நிமாய் கோஷ் என்ற ஒளிப்பதிவாளர், இயக்குநராகத் தம் முதல் படத்தை முடித்தார். கிழக்கு வங்காளத்தின் உழவர்கள் நாட்டுப் பிரிவினையில் ஊரை விட்டுக் கிளம்பிக் கல்கத்தாவின் நடைபாதைக்கு வந்து சேரும் கதை. படத்தின் பெயர் ‘சின்னமூல்’, வேர் அறுந்தவர்கள். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் அவர் சென்னைக்கு வந்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டில் வேலை செய்தார். தமிழில் இடதுசாரிப் பார்வையோடு வந்த முதல் படம் என்று சொல்லத்தக்க ‘பாதை தெரியுது பார்’ அவர் இயக்கியதுதான்.

உலக சினிமா பேசும் தமிழர்களுக்கு கோதாரைத் தெரியும், கிரிஸ் மார்க்கரைத் தெரியும். 1968 மே மாதத்தில் பிரெஞ்சுத் திரைக்கலைஞர்கள் கான் விழாவையே நிறுத்திய கதை நம் சிறுபத்திரிகைகளில் பலமுறை எழுதப்பட்டாகிவிட்டது. கோடம்பாக்கத்திலேயே வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றிக் கேட்டால், சத்யஜித் ராயைப் படம்பிடித்தாரே அவரா என்கிறார்கள். அவர் வேறு. ராயின் படப்பிடிப்புகளில் நிழற்படம் எடுத்த நிமாய் கோஷ் 1934-இல் பிறந்து 2020-இல் மறைந்தவர். நம்முடைய நிமாய் கோஷ் 1914-இல் பிறந்தவர், 1988-இல் மறைந்தார். பெயர் ஒன்றாகப் போனதில் மூத்தவரின் வாழ்க்கை இளையவரின் புகழுக்குள் மறைந்துவிட்டது.

இயக்குநர் என்று அவர் பெயர் வரும் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கணக்கை வைத்து, திறமையிருந்தும் முன்னுக்கு வராதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். இதை நான் ஏற்கவில்லை. படம் என்பது தொழிலாளர்கள் சேர்ந்து செய்யும் வேலை என்ற ஒரே எண்ணத்தை அவர் மூன்று இடங்களில் செயலாக்கிப் பார்த்தார்: சியால்தா ரயில் நிலையத்தில், ‘பாதை தெரியுது பார்’ படத்தில், கடைசியாகத் தமிழ்த் திரைத்துறையின் தொழிற்சங்கத்தில். மூன்றாவது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சியால்தாவிலிருந்து தொடங்குகிறேன். 1943-இன் வங்கப் பஞ்சம்தான் அவர் தலைமுறையைக் கலைக்குள் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம், பஞ்சத்தைப் பார்த்த நடிகர்களையும் பாடகர்களையும் எழுத்தாளர்களையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்தது. பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகம் அங்கிருந்து வந்தது, கே.ஏ.அப்பாஸின் ‘தர்த்தி கே லால்’ படமும் அங்கிருந்துதான். நிமாய் கோஷ் அந்த வட்டத்து ஆள். 1947-இல் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியபோது, தொடக்க உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

அந்தச் சொசைட்டிக்காரர்களுக்கு 1949-இல் கிடைத்த பெரும் வாய்ப்பு, பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் வருகை. ‘தி ரிவர்’ படத்துக்கு இடம் பார்க்க அவர் கல்கத்தாவுக்கு வந்திருந்தார். ரெனுவாருக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. 1936 தேர்தலுக்காகப் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி எடுத்த ‘லா வீ எத் ஆ நூ’ படத்தின் பின்னணியில் இருந்தவர் அவர். 1938-இல் ‘லா மார்செய்யேஸ்’ எடுத்தபோது, இரண்டு பிராங்குக்குச் சீட்டு விற்று மக்களிடமே பணம் திரட்டப் பார்த்தார்கள். அந்தத் தொகையைப் பின்னால் படம் பார்க்கும் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. தொழிற்சங்கங்கள் அந்த முயற்சிக்குப் பின்னால் நின்றன. முதலாளியின் பணம் இல்லாமல் படம் எடுக்க முடியுமா என்று உலகத்தில் முதலில் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தவர்களில் ரெனுவாரும் ஒருவர்.

வங்காளத்துக்கு வந்த ரெனுவார் அந்த ரெனுவார் இல்லை. ஹாலிவுட்டில் ஏறத்தாழ எட்டாண்டு இருந்துவிட்டு வந்திருந்தார். பாரக்பூர் பக்கம், ஆற்றங்கரையில் இருக்கும் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் கதையை வண்ணத்தில் எடுத்தார். கண்ணுக்கு அழகான படம்; அதில் பிரிவினையின் சுவடே கிடையாது. பாரக்பூருக்குப் போகும் ரயில் சியால்தாவிலிருந்துதான் புறப்படும். அந்த நிலையத்தின் நடைமேடைகளில் அப்போது ஆயிரக்கணக்கான அகதிகள் பானை சட்டியோடு குடியிருந்தார்கள். ராயும் பன்சி சந்திரகுப்தாவும் சுப்ரதா மித்ராவும் ரெனுவாரைச் சுற்றி நின்று பாடம் படித்த காலத்திலேயே, அந்தச் சொசைட்டியின் இன்னோர் உறுப்பினர் தம் கேமராவைச் சியால்தாவின் பக்கம் திருப்பினார். இந்தியத் திரைப்பட வரலாறு முதல் பாதையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. அது எழுதத்தக்கதே. இரண்டாவது பாதையைப் பற்றி எழுதாமல் விட்டதுதான் குறை.

‘சின்னமூல்’ படத்தில் ஒப்பனை கிடையாது. நாடக மன்றத்து நடிகர்கள் நடித்தார்கள்: கங்காபத பாசு, ஷோபா சென், பிஜன் பட்டாச்சார்யா, இன்னும் படம் எடுக்கத் தொடங்காத ரித்விக் கட்டக். நிலையத்தில் கேமராவை மறைத்து வைத்துப் பல காட்சிகளை எடுத்தார்கள். அங்கே கிடந்த உண்மையான அகதிகளோடு நடிகர்கள் கலந்து உட்கார்ந்தார்கள். படத்தில் ஒரு காட்சி: ஊரே கிளம்பிவிட்டது. ஒரு மூதாட்டி மட்டும் வீட்டுத் தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வர மறுக்கிறாள். இழுக்கிறார்கள். பிடி தளரவில்லை. அவள் சண்டை போடுவது தன்னை இழுப்பவர்களோடு இல்லை, எல்லைக்கோடு போட்டவர்களோடு என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. யாரும் வசனம் பேசிப் புரியவைக்க வேண்டியதில்லை. பிரிவினையைப் பற்றிப் பின்னால் வந்த எத்தனையோ படங்களில் அழுகையும் கூச்சலும் அதிகம். ஒரு தூணும் இரண்டு கைகளும் போதும் என்று இந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது.

படம் ஓடவில்லை. 1951-இல் இந்தியாவுக்கு வந்த சோவியத் இயக்குநர் புதோவ்கின் அதைப் பார்த்துவிட்டு உயர்வாகச் சொன்னார். சோவியத் நாட்டில் திரையிட அது வாங்கப்பட்டது. மாஸ்கோவில் மதிப்பு, கல்கத்தாவில் கடன். ‘பதேர் பாஞ்சாலி’ வர இன்னும் நான்கைந்து ஆண்டுகள் இருந்தன. கட்டக்கின் ‘நாகரிக்’ 1952-இல் முடிந்தும் அவர் உயிரோடு இருந்தவரை திரைக்கு வரவில்லை; 1977-இல்தான் வந்தது. நிமாய் கோஷ் வேலை தேடித் தெற்கே கிளம்பினார்.

சென்னை அவருக்கு அந்நிய ஊர். மொழி தெரியாது. ஆனால் ஸ்டூடியோ ஸ்டூடியோதான். ஐம்பதுகளின் கோடம்பாக்கம் இந்தியாவின் பெரிய படத் தொழிற்சாலைகளில் ஒன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் ஒரே தளங்களில் மாறி மாறி நடக்கும். ஒளிப்பதிவாளருக்கு வேலை உண்டு. அவர் அந்த வேலையைக் கடைசிவரை விடவில்லை. ஜி.வி.ஐயர் எழுபதுகளில் இயக்கி, தேசிய விருது பெற்ற கன்னடப் படமான ‘ஹம்சகீதே’க்கு ஒளிப்பதிவு நிமாய் கோஷ். கோட்டை மதில்களும் பாறைகளும் இசைக்கலைஞனின் முகமும் அதில் வெறும் அழகுக்காக வருவதில்லை.

சென்னையில் அவருக்குக் கிடைத்த பெரிய துணை எம்.பி.சீனிவாசன். இசையமைப்பாளர், கம்யூனிஸ்ட், பின்னாளில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கிப் பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாகப் பாடவைத்தவர். மலையாளத்தில் ‘கால்பாடுகள்’ படத்துக்காக யேசுதாஸை முதன்முதலில் பாடவைத்தவரும் அவர்தான். சீனிவாசன் முன்கை எடுத்து உருவான குமரி ஃபிலிம்ஸ்தான் ‘பாதை தெரியுது பார்’ படத்தைத் தயாரித்தது. ஒரு முதலாளி பெட்டியைத் திறந்து கொடுத்த பணமில்லை அது. நண்பர்களும் இயக்க ஆதரவாளர்களும் போட்ட பணம். ரெனுவார் 1938-இல் இரண்டு பிராங்குச் சீட்டு விற்றுச் செய்து பார்த்ததன் தமிழ் வடிவம் என்று இதைச் சொல்லலாம். இவர்கள் ரெனுவாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. முதலாளியிடம் போக முடியாத படம் எந்த ஊரிலும் அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும்.

1960 நவம்பரில் படம் வெளியானது. கதை ஆர்.கே.கண்ணனுடையது. கதாநாயகன் கே.விஜயன், நாயகி எல்.விஜயலட்சுமி, எஸ்.வி.சகஸ்ரநாமமும் உண்டு. ஜெயகாந்தனும் கே.சி.எஸ்.அருணாசலமும் பாட்டு எழுதினார்கள். தென்னங்கீற்றையும் ஊஞ்சலையும் வைத்து ஜெயகாந்தன் எழுதி, பி.பி.ஸ்ரீநிவாஸும் எஸ்.ஜானகியும் பாடிய பாட்டை இன்றைக்கும் வானொலியில் கேட்கலாம். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அது எந்தப் படம் என்று தெரியாது. தெரிந்தாலும், படத்தைப் பார்க்க வழியில்லை.

அந்த ஆண்டின் தமிழ் சினிமாவை நினைத்துப் பார்த்தால் இந்தப் படத்தின் இடம் விளங்கும். ‘பராசக்தி’ வந்து எட்டு ஆண்டு. ‘நாடோடி மன்னன்’ வந்து இரண்டு ஆண்டு. தமிழ்த் திரையில் அரசியல் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. அது பேச்சாக இருந்தது; மேடைப் பேச்சின் அடுக்குமொழி நீதிமன்றக் காட்சிக்குள் வந்து உட்கார்ந்தது. ஏழைகளுக்காக ஒருவர் எழுந்து பேசுவார், ஒருவர் வாளெடுப்பார், ஏழைகள் கைதட்டுவார்கள். ‘பாதை தெரியுது பார்’ இந்த வழக்கத்திலிருந்து விலகி நின்றது. தொழிலாளர்களையும் அவர்கள் சங்கத்தையும் கதையின் நடுவில் வைத்தது. தனி வீரன் வந்து காப்பாற்றும் கதைக்குப் பழகிய தியேட்டரில், கூட்டமாக நிற்பவர்களின் கதை எடுபடவில்லை. தேசிய விருதுக் குழு அவ்வாண்டுத் தமிழ்ப் படங்களில் ‘பார்த்திபன் கனவு’க்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது, ‘களத்தூர் கண்ணம்மா’வுக்கும் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கும் தகுதிச் சான்றிதழ் கொடுத்தது. சான்றிதழ் கடனை அடைக்காது.

தோல்விக்குக் காரணம் படமா, வியாபாரமா? இரண்டும் இருக்கலாம். எனக்கு வியாபாரத்தின் பங்கே பெரிதாகப் படுகிறது. பணம் திரட்டும் வழியை மாற்றினார்கள். படத்தைக் கொண்டுபோய்க் காட்டும் வழி பழையபடியே இருந்தது. விநியோகஸ்தர் வாங்க வேண்டும், தியேட்டர்காரர் வாரம் கொடுக்க வேண்டும், முதல் வெள்ளி சனி ஞாயிறு வசூல் நின்றால் பெட்டி திரும்பிவிடும். இதை நான் எழுதும் காவலூரிலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சவ்வாது மலையின்மேல் இருக்கிற எங்களுக்குத் தியேட்டர் என்றால் வாணியம்பாடி பக்கம் இறங்க வேண்டும். சமவெளியில் ஒரு வாரம்கூட நிற்காத படம் மலையேறாது. உழைக்கிறவர்களைப் பற்றிய படம், உழைக்கிறவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேறு பாதை போட்டிருக்க வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிளைகள் இருந்தன, தொழிற்சங்கங்களுக்கு அலுவலகங்கள் இருந்தன, வாயிற்கூட்டம் நடத்தத் தெரிந்திருந்தது. ஒரு புரொஜெக்டரையும் வெள்ளைத் திரையையும் அந்த வலையில் சேர்ப்பதைப் பற்றி அன்றைக்கு யாரும் பெரிய அளவில் யோசித்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து மாநிலத்தில் அது பின்னால் நடந்தது. ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-இல் ஒடேசா என்ற கூட்டத்தை அமைத்தார்கள். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைக் காட்டினார்கள், உண்டியல் குலுக்கினார்கள், அந்தக் காசில் 1986-இல் ‘அம்மா அறியான்’ எடுத்தார்கள். எடுத்ததையும் அதே வழியில் காட்டினார்கள். இங்கே ஒரு நேரடிச் சரடு இருக்கிறது. ஜான் 1977-இல் தமிழில் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ படத்தில், கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்தவர் எம்.பி.சீனிவாசன். குமரி ஃபிலிம்ஸை நடத்திய அதே சீனிவாசன். வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதிய அந்தப் படத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. அதுவும் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் சரியாகக் காட்டப்படவில்லை.

பிரான்ஸில் இதே கேள்வி வேறு விதமாக வந்தது. 1967-இல் பெசான்சோன் நகரத்து ரோதியாசெத்தா செயற்கை நூல் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. கிரிஸ் மார்க்கர் அங்கே போய் ஓர் ஆவணப்படம் எடுத்தார். எடுத்ததைத் தொழிலாளர்களுக்கே போட்டுக் காட்டினார். அவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. எங்களைத் துயரப்படுகிறவர்களாக மட்டும் காட்டிவிட்டீர்கள், சங்க வேலையின் அன்றாடம் இதில் இல்லை, பெண்கள் எங்கே என்றெல்லாம் முகத்துக்கு நேரே கேட்டார்கள். மார்க்கர் கோபித்துக்கொள்ளவில்லை. கேமராவை நீங்களே பிடியுங்கள் என்றார். மார்க்கரின் நண்பர்கள் வந்து கற்றுக்கொடுத்தார்கள். தொழிலாளர்கள் மெத்வெத்கின் குழு என்ற பெயரில் சேர்ந்து தாங்களே படம் எடுத்தார்கள். 1969-இல் வந்த ‘கிளாஸ் த லூத்’ அவற்றில் முக்கியமானது; ஓர் ஆலைப் பெண் சங்கத் தலைவியாக வளர்வதை அது காட்டுகிறது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுத் தீவிர சினிமாவில் என்னை அதிகம் கவர்ந்தது இந்த நிகழ்ச்சிதான். கோதாரும் கோரானும் ஜிகா வெர்த்தோவ் குழு என்ற பெயரில் எடுத்த படங்களைவிட இதுவே நீண்ட தூரம் போனது என்று நினைக்கிறேன். கோதார் படத்தின் மொழியை உடைத்துப் பார்த்தார். பெசான்சோன்காரர்கள் படம் எடுப்பது யாருடைய வேலை என்பதையே மாற்றிப் பார்த்தார்கள்.

நிமாய் கோஷ் கண்ட விடை இரண்டுக்கும் வேறானது. அவர் ஆலைக்குப் போகவில்லை. தாம் வேலை செய்யும் ஸ்டூடியோவே ஓர் ஆலைதான் என்று பார்த்தார்.

தளத்தின் உச்சியில், பலகைமேல், கொதிக்கும் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு லைட்மேன் நிற்கிறார். கீழே கதாநாயகன் ஏழைகளின் உரிமையைப் பற்றி நான்கு பக்க வசனம் பேசுகிறார். டேக் சரியில்லை, இன்னொரு முறை. லைட்மேன் இறங்க முடியாது. இரவு எத்தனை மணிக்குப் படப்பிடிப்பு முடியும் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. பேட்டா எப்போது கைக்கு வரும் என்பது தயாரிப்பு நிர்வாகியின் மனநிலையைப் பொறுத்தது. தவறி விழுந்தால் குடும்பம் நடுத்தெருவில். திரையில் ஓடுகிற புரட்சிக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஒளிப்பதிவாளராகத் தினமும் இந்த மனிதரைத் தலையை நிமிர்த்திப் பார்த்துக் கட்டளையிட வேண்டியிருந்தவர் நிமாய் கோஷ். இசைப்பதிவுக் கூடத்தில் இதையே வேறு வடிவத்தில் சீனிவாசன் பார்த்தார். ஐம்பது வயலின்காரர்கள் காலையிலிருந்து வாசித்துவிட்டு, பேசிய காசு வருமா என்று வாசலில் காத்திருப்பார்கள்.

இருவரும் சங்கம் கட்டினார்கள். சீனிவாசன் சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்தார். துறை துறையாகத் தனித்தனியே இருந்த சங்கங்களை ஒரு சம்மேளனமாக இணைத்த தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம், நாம் ஃபெப்சி என்று சொல்வது, இவர்கள் முன்னின்று உருவாக்கியது. ஒளிப்பதிவாளர், லைட்மேன், மேக்கப், உடை, ஸ்டண்ட், நடனம், எடிட்டிங், தயாரிப்பு நிர்வாகம், கார் ஓட்டுநர், தளத்தில் சாப்பாடு போடுகிறவர்கள் என்று இருபதுக்கு மேற்பட்ட சங்கங்கள் அதில் இருக்கின்றன. கால்ஷீட் எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் என்ன கூலி என்பதெல்லாம் இன்று பேசி முடித்து எழுதப்படும் விஷயங்கள். மேலே இருப்பவரின் தயவில் அவை இல்லை.

ஃபெப்சியைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உண்டு. உறுப்பினர் அட்டைக்குக் கட்டணம் அதிகம், புதியவர்கள் நுழைய முடியாது, சின்னப் படங்களுக்குச் சுமை என்பார்கள். 1997-இல் படைப்பாளிகளுக்கும் சம்மேளனத்துக்கும் நடந்த மோதலில் தமிழ்ப் பட வேலை மாதக்கணக்கில் முடங்கியது. இந்தக் குறைகளில் உண்மை இருக்கிறது. குறிப்பாக வெளியிலிருந்து வரும் ஏழைப் பிள்ளைக்குக் கதவை அடைப்பது, சங்கம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதற்கே எதிரானது. அதற்காக, சங்கமே இல்லாத ஸ்டூடியோவை யாராவது விரும்பினால், அந்த லைட்மேனின் இடத்தில் ஒரு நாள் நின்றுவிட்டுப் பேசட்டும்.

‘ஆப்பிரிக்கா 50’ எடுத்த வோத்தியேயின் பிற்கால வாழ்வும் இதே திசையில் போனதைக் கவனிக்க வேண்டும். அல்ஜீரிய விடுதலைப் போராளிகளோடு இருந்து படமெடுத்தார், காயம்பட்டார். 1972-இல் ‘ஓரேஸில் இருபது வயது’ என்ற படத்துக்குக் கான் விழாவில் சர்வதேச விமர்சகர் பரிசு கிடைத்தது. அந்தப் புகழை வைத்துக்கொண்டு பாரிஸில் பெரிய இயக்குநராக உட்காரவில்லை. பிறந்த பிரித்தானிப் பகுதியில் ஒரு படத் தயாரிப்புக் கூட்டமைப்பை நடத்தினார். 1973-இல் உண்ணாவிரதம் இருந்தார். தம் படத்துக்காக அல்ல, 1961-இல் பாரிஸில் அல்ஜீரியர்கள் கொல்லப்பட்டதைப் பற்றி வேறொருவர் எடுத்த படத்துக்கு அனுமதி கேட்டு. எண்பதுகளில் அவருடைய படச்சுருள் கிடங்குக்குள் புகுந்து நாசம் செய்தார்கள். அப்படியும் ‘ஆப்பிரிக்கா 50’ தப்பியது. இன்று யாரும் அதைப் பார்க்கலாம்.

‘பாதை தெரியுது பார்’ படத்தை யாரும் தடை செய்யவில்லை, யாரும் பறிக்கவில்லை. தணிக்கைச் சான்றிதழோடு வந்தது, விருது வாங்கியது, காணாமல் போனது. அதன் பிரதி எதுவும் இன்று கிடைப்பதாக இல்லை. பகையால் வந்த அழிவைவிடக் கவனிக்காமல் விட்டதால் வந்த அழிவு எனக்கு அதிகம் வலிக்கிறது. தமிழ்ப் படங்களின் பிரதிகள் எப்படி அழிந்தன என்பது தெரிந்த கதைதான். சென்னையின் வெக்கையிலும் ஈரக் காற்றிலும் சுருள்கள் புளித்த வாடை வீசிச் சுருங்கும். லேப் பாக்கியைக் கட்டாத தயாரிப்பாளரின் நெகடிவ் மூலையில் கிடக்கும். ஓடி முடிந்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளை வாங்கி, அவற்றிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் இருந்தார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-இல்தான். ஒரு வாரத்தில் பெட்டிக்குத் திரும்பிய படத்தை யார் பாதுகாப்பார்கள்?

பாதுகாக்க முடியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. காவலூரில் இருப்பதால் எனக்கு இதில் உறுதி அதிகம். இங்கே மரங்களுக்கு நடுவே இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தை நடத்தும் அதே நிறுவனத்தின் கொடைக்கானல் நிலையம், 1904 முதல் சூரியனைப் புகைப்படத் தகடுகளில் பதித்து வந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தத் தொகுப்பு கெடாமல் காக்கப்பட்டு, இன்று கணினிக்கும் மாற்றப்பட்டுவிட்டது; உலகின் சூரிய ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.  படச்சுருளுக்கும் வானியல் தகட்டுக்கும் வேதியியல் ஒன்றுதான்: வெள்ளி உப்பு பூசிய பரப்பில் விழும் வெளிச்சம். ஒன்றைப் பதிவு என்று கருதிப் பெட்டியில் வைத்தோம். இன்னொன்றைப் பொழுதுபோக்கு என்று கருதித் தூக்கிப் போட்டோம்.

நிமாய் கோஷ் விட்டுச்சென்ற வழியில் நடப்பவர்கள் இல்லாமல் இல்லை. மதுரையிலிருந்து ஆர்.பி.அமுதன் கையடக்கக் கேமராவோடு மலம் அள்ளும் தொழிலாளியின் பின்னால் நடந்தார். 2017-இல் திவ்ய பாரதி ‘கக்கூஸ்’ எடுத்தபோது திரையிடலுக்குக் காவல்துறை முட்டுக்கட்டை போட்டது. படம் யூடியூபில் ஏறி லட்சக்கணக்கானவர்களிடம் போனது. 1960-இல் குமரி ஃபிலிம்ஸுக்குக் கிடைக்காத பாதை இப்போது கையில் இருக்கும் ஃபோனிலேயே இருக்கிறது; காவலூருக்கும் அது ஏறி வருகிறது.

மிச்சமிருப்பது தேடும் வேலை. கே.விஜயன் பின்னால் ‘தீபம்’, ‘திரிசூலம்’ என்று சிவாஜி படங்களின் இயக்குநரானார். அவர் நாயகனாக நடித்த படம் என்று சொல்லித் தேடினால் பழைய சேகரிப்பாளர்கள் காதுகொடுப்பார்கள். மதுரையிலும் கோவையிலும் விநியோகஸ்தர்களின் பழைய கிடங்குகளில் பெயர் ஒட்டாத பெட்டிகள் இன்னும் உண்டு. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் இருக்கும். ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். தணிக்கைக்குப் போன படத்துக்கு விண்ணப்பமும் எழுத்துவடிவமும் இருந்தாக வேண்டும். சோவியத் நாட்டுக்குப் போன ‘சின்னமூல்’ பிரதியைப் பற்றி மாஸ்கோவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு பெரிய படத்தின் ஒரு நாள் படப்பிடிப்புக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. முதல் கடிதத்தை எழுத வேண்டியது ஃபெப்சி. அது அவர்கள் வீட்டு மூத்தவரின் படம்.